பத்து கேன் தண்ணீரும் பதினாறு செல்களும்

கொல்கத்தாவில் சைக்கிளுக்கு இரண்டு விதமான வரவேற்பு உண்டு. பழைய நகரத்தில், 2013இல் காவல்துறை 174 சாலைகளில் சைக்கிள், மூன்று சக்கர வேன், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் தடை போட்டது. எதிர்ப்பும் போராட்டமும் கிளம்பிய பிறகு பட்டியல் சுருங்கியது. கிழக்கே, ராஜர்ஹாட்டின் வயல்களும் நீர்நிலைகளும் இருந்த இடத்தில் ஹிட்கோ என்ற மாநில அரசு நிறுவனம் உருவாக்கிய நியூ டவுனில் கதை வேறு. அங்கே சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். 2020இல் மத்திய அரசு தொடங்கிய ‘சைக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்’ போட்டியில் வென்ற 11 நகரங்களில் நியூ டவுனும் ஒன்று.

அந்தச் சாலைகளில் என் கண் போவது ஹெல்மெட் போட்டு உடற்பயிற்சிக்கு ஓட்டுபவர்களின் கியர் சைக்கிள் மீது அல்ல, சரக்கு வேன் மீது. முன்பாதி சைக்கிள், பின்பாதி இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு பலகைத் தளம். சென்னையின் மீன்பாடி வண்டிக்குப் பங்காளி முறை. மீன்பாடியில் பாரம் முன்னால் இருக்கும், இதில் பின்னால். அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கேன், காய்கறி, மரச்சாமான் என்று எத்தனையோ இதில் வந்து இறங்குகின்றன. மீன்பாடியில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பூட்டிய கதை நமக்குத் தெரியும். வங்காளத்தில் பலகைக்கு அடியில் ஒரு பேட்டரிப் பெட்டியையும் மோட்டாரையும் மாட்டிக்கொள்கிறார்கள். உலகம் ‘எலக்ட்ரிக் கார்கோ பைக்’ என்று பெருமையோடு பேசுவதும் அடிப்படையில் இதையேதான்.

இந்த வண்டிக்கு எவ்வளவு சக்தி தேவை? பத்து கேன் தண்ணீர் என்றால் 200 கிலோவுக்கு மேல். வண்டி 60 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ. மொத்தம் சுமார் 330 கிலோ. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போக, டயர் தரையில் நசுங்கி உருளும் இழப்புக்கும் காற்றுத் தடைக்கும் சேர்த்து ஏறத்தாழ 150 வாட் வேண்டும். ஒரு மனிதர் நாள் முழுக்க விடாமல் மிதித்தால் தரக்கூடியது 75 வாட் அளவுதான். ஆக, வேன் ஓட்டுபவர் தம் உடம்பின் நீடித்த திறனைப் போல இரண்டு மடங்கை ஒவ்வொரு தெருவிலும் கறந்துகொண்டிருக்கிறார். கேன் ஏற்றி இறக்கும் இடைவெளிதான் அவருக்கு ஓய்வு.

கங்கைச் சமவெளியில் மலை இல்லை, மேம்பாலம் உண்டு. நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் உயரும் சரிவில் இதே பாரத்தை நடக்கிற வேகத்தில், மணிக்கு 6 கிலோமீட்டரில், ஏற்றவே 280 வாட் ஆகிறது. அதனால்தான் வேன்காரர் இறங்கித் தள்ளுகிறார். இந்த இடத்தில் 250 வாட் மோட்டார் ஒன்று சேர்ந்துகொண்டால் அவர் வேலை மனித வேலையாகிவிடும். அதற்குமேல் பெரிய மோட்டார் கொல்கத்தாவுக்குத் தேவையே இல்லை என்பது என் கணிப்பு.

இந்தச் சின்ன மோட்டாருக்குச் சட்டத்திலும் ஒரு இடம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்து, பரிசோதனை நிறுவனம் சான்று தந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். அதைத் தாண்டினால் ‘இ-கார்ட்’ வகை: 4,000 வாட் வரை மோட்டார், 310 கிலோ வரை சரக்கு, பதிவு, உரிமம் எல்லாம் உண்டு. தெருவில் ஓடுகிற பல வண்டிகள் இரண்டுக்கும் நடுவே, எந்தக் கணக்கிலும் சேராமல் ஓடுகின்றன. அதை இங்கே விட்டுவிடுவோம்.

செலவுக்கு வருவோம். வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, “கரண்டுக்கு எவ்வளவு ஆகும்?” கேட்கத் தேவையில்லாத கேள்வி அது. நின்று நின்று கிளம்புவதையும் மோட்டாரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால்கூட, மிதிக்கும் கால் உதவியோடு கிலோமீட்டருக்கு 15 வாட்-மணி போதும். நாளைக்கு 40 கிலோமீட்டர் என்றால் 600 வாட்-மணி, அரை யூனிட்டுக்குச் சற்று மேல். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் ஐந்து ரூபாய். ஒரு டீயைவிடக் குறைவு.

பணத்தை விழுங்குவது பேட்டரி. கணக்குப் பார்க்க வசதியாகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை இது மாறும். ஈய-அமில பேட்டரி நான்கு, தொடராக இணைத்தால் 48 வோல்ட்: ரூ.9,000. நாள்தோறும் ஆழமாக வடித்தால் 300 முறை சார்ஜ் தாங்கும். 300 முறை, தடவைக்கு 40 கிலோமீட்டர் என்றால் 12,000 கிலோமீட்டர். பழைய பேட்டரியைக் கடைக்காரர் ரூ.2,000க்கு எடுத்துக்கொள்வார். ஆக, கிலோமீட்டருக்கு 58 பைசா. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 720 வாட்-மணி: ரூ.11,000. நன்றாகச் செய்தது 1,000 முறை தாங்கும், 40,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 28 பைசா. எடையிலும் ஈயம் 26 கிலோ என்றால் லித்தியம் 7 கிலோ அளவுதான். ஒரு தண்ணீர் கேன் கூடுதலாக ஏற்றலாம்.

இதுவரை லித்தியம்தான் ஜெயிக்கிறது. விற்பவர்கள் காட்டும் கணக்கும் இங்கேயே நின்றுவிடும். இனிமேல்தான் பழுது வருகிறது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றின் வோல்டேஜ் 3.2. நாற்பத்தெட்டுச் சொச்சம் வேண்டுமென்றால் 16 செல்களைத் தொடராகக் கோர்க்க வேண்டும். (சிறு செல்கள் என்றால் சிலவற்றைப் பக்கவாட்டில் சேர்த்து ஒரு கட்டாக்கி, அப்படி 16 கட்டுகள்.) தொடர் இணைப்பில் எல்லாச் செல்லிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை, அதாவது பி.எம்.எஸ்., ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்துகொண்டே இருக்கும். எந்த ஒன்று 2.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தாலும் மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிடும். பல்லக்குத் தூக்குபவர்களில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு தெம்பிருந்தும் பல்லக்கு நகராது. வண்டிக்காரருக்குத் தெரிவது ‘சார்ஜ் நிக்க மாட்டேங்குது’ என்பது மட்டுமே. உள்ளே பதினைந்து செல்கள் திடகாத்திரமாக இருக்கும்.

அந்தப் பதினாறாவது செல் பதினான்காவது மாதத்தில் படுத்துவிட்டது, மாதம் 25 நாள் ஓடியிருக்கிறது என்று வையுங்கள். 350 சார்ஜ், 14,000 கிலோமீட்டர். பெட்டியைத் திறக்க ஆளில்லை என்றால் 11,000 ரூபாயும் அந்த 14,000 கிலோமீட்டர் மீது விழும். கிலோமீட்டருக்கு 79 பைசா. பழைய ஈய பேட்டரியைவிட மோசம். அதே செல்லை ரூ.2,000 செலவில் மாற்றிக்கொடுக்க ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்து, பேட்டரி முழு ஆயுளும் ஓடினால் 33 பைசா.

28, 79, 33. வேதியியல் மூன்றிலும் ஒன்றே. மாறியது பெட்டியைத் திறக்க முடியுமா என்பது மட்டும். மின் சரக்கு சைக்கிளின் விலை என்பது ரசீதில் எழுதியிருக்கும் தொகை அல்ல, அந்தத் தொகையோடு பழுது பார்ப்பவரின் தூரத்தையும் கூட்டிய ஒன்று என்று நான் சொல்வது இந்த மூன்று எண்களை வைத்துத்தான்.

திறப்பது ஏன் கடினம்? செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருப்பார்கள். பிய்த்தால் செல்லின் முனை கிழியும். அதிர்வு தாங்கவும் தண்ணீர் புகாமலிருக்கவும் சிலர் உள்ளே பசை ஊற்றி இறுக்கிவிடுவார்கள். புதிய செல் போட்டாலும் அதன் கொள்ளளவும் உள்மின்தடையும் மற்ற பதினைந்தோடு ஒத்துப்போக வேண்டும்; இல்லையென்றால் ஒரு மாதத்தில் இன்னொரு செல் தள்ளாடும். சில கம்பெனிகள் ஒரு படி மேலே போய், பேட்டரியும் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரும் ஒன்றையொன்று அடையாளச் சொல் கேட்டு ஒத்துக்கொண்டால்தான் வண்டி நகரும் என்று மென்பொருளில் பூட்டுப் போடுகின்றன. பேட்டரி நன்றாக இருக்கும், மோட்டார் நன்றாக இருக்கும், வண்டி மட்டும் நகராது. மாறாக, பெரிய செவ்வகச் செல்களை போல்ட் போட்டு இணைத்த பெட்டியும் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் கையில் ஒரு ஸ்பேனரும் மல்டிமீட்டரும் இருந்தால் போதும்.

மோட்டார் பக்கம் நிலைமை நல்லது. சக்கரத்தின் நடுக்குடத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஹப் மோட்டாரிலிருந்து மூன்று தடித்த வயர்கள் வரும்: மஞ்சள், பச்சை, நீலம். கூடவே ஐந்து மெல்லிய வயர்கள். தடித்தவை மூன்று கட்ட மின்சாரம். மெல்லியவற்றில் இரண்டு ஐந்து வோல்ட் இணைப்பு. மீதி மூன்று, சக்கரத்திலுள்ள காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குத் தகவல் சொல்லும் ஹால் சென்சார்களின் வயர்கள். வண்டி கிளம்பும்போது முன்னுக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே நடுநடுங்கினால், பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்று செத்திருக்கும், அல்லது அச்சு வழியே வரும் வயர் உரசித் துண்டாகியிருக்கும். சென்சாரின் விலை சில பத்து ரூபாய்தான். மோட்டார் மூடியைக் கழற்றி, பசையைச் சுரண்டி, மூன்று காலைச் சால்டரிங் செய்தால் வேலை முடிந்தது. சென்சார் இல்லாமலே ஓடக்கூடிய கன்ட்ரோலரும் உண்டு. ஸ்போக்ஸ் கம்பி உடைந்தால் கோட்டம் எடுக்கத் தெரிந்த எந்த சைக்கிள் கடைக்காரரும் போதும்.

மிதிகட்டைக்கு அருகில் பொருத்தும் நடு மோட்டார் வேறு ஜாதி. அது கியர் வழியாக வேலை செய்வதால் மேட்டில் திறமைசாலி. ஆனால் உள்ளே முறுக்குவிசை சென்சார், பல்சக்கரம், மின்பலகை எல்லாம் மூடிய ஒரே உருண்டையில். கெட்டால் பெரும்பாலும் முழு உருண்டையையும் மாற்ற வேண்டியதுதான். அதன் முழு விசையும் செயின் வழியாகப் போவதால் செயினும் ஃப்ரீவீலும் சீக்கிரம் தேயும். மேம்பாலம் தவிர மேடே இல்லாத நியூ டவுனில் அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

இந்த மண்ணிலேயே நடந்த ஒரு பழைய கதை இருக்கிறது. மேற்கு வங்கத்தின் துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் ‘சோலெக்‌ஷா’ என்ற ரிக்‌ஷாவை வடிவமைத்தது. மிதிக்கலாம், மோட்டாரும் துணைக்கு வரும், பேட்டரியைச் சூரிய மின் நிலையத்தில் கொடுத்து நிரம்பியதை மாற்றி வாங்கிக்கொள்ளலாம். 2008 அக்டோபர் 2 அன்று டெல்லி சாந்தினி சௌக்கில் அறிமுகம் செய்தார்கள். அதற்கும் முன்பே மகாராஷ்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனில் ராஜவன்ஷி மின்சார ரிக்‌ஷா செய்து காட்டியிருந்தார். இரண்டுமே நல்ல பொறியியல். ஆனால் தெருவை நிறைத்தது இரண்டும் அல்ல. சீனாவிலிருந்து வந்த உதிரிகளைச் சின்னச் சின்னப் பட்டறைகளில் இணைத்த ‘டோட்டோ’ என்ற மின்சார ரிக்‌ஷாதான் வங்காளத்தின் ஊர்களையெல்லாம் நிறைத்தது. அழகில்லை, பிரேக் சுமார், 2014 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வகை வண்டிகளுக்குத் தடையே போட்டது; அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அவற்றுக்கு இடம் கொடுத்தது. அது வென்றதற்கு விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், அதன் கன்ட்ரோலர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அடுத்த கம்பெனி வண்டியிலும் பொருந்தும். கெட்டதைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொண்டு அன்று மாலையே சவாரிக்குக் கிளம்பிவிடலாம். நாள் கூலிக்கு ஓடுகிற வண்டிக்கு ஒரு வாரம் பட்டறையில் நிற்பது பெரிய நஷ்டம்.

பணக்கார நாடுகளும் இந்தப் பாடத்தைப் பணம் கட்டித்தான் படித்தன. ஐரோப்பாவில் பல மின் சரக்கு சைக்கிள்கள் 5,000 யூரோவைத் தாண்டும். அங்கே 2023 ஜூலையில் வான்மூஃப் என்ற டச்சு மின் சைக்கிள் கம்பெனி திவாலானது. அதன் உதிரிகள் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காதவை; பூட்டுகூட கம்பெனியின் செயலியை நம்பி இருந்தது. சர்வர் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளர்கள் பதற, போட்டிக் கம்பெனி ஒன்று, வண்டியின் டிஜிட்டல் சாவியைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ள ஒரு செயலி எழுதிக் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் இன்னொரு அடி. குழந்தைகளையும் சாமான்களையும் முன்பெட்டியில் ஏற்றும் பாபோ என்ற பெயர்பெற்ற சரக்கு சைக்கிளின் சட்டம் (ஃப்ரேம்) உடைகிறது என்று நெதர்லாந்தின் பாதுகாப்பு ஆணையம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. பேட்டரியை மாற்றலாம், மோட்டாரை மாற்றலாம். சட்டம் விரிசல் விட்டால் வண்டியே போயிற்று. வங்காள வேனின் இரும்புக் குழாய் உடைந்தால் தெருமுனையில் வெல்டிங் வைத்துவிடுவார்கள். மெல்லிய அலுமினியச் சட்டத்தில் அது முடியாது, வெப்பத்தில் அதன் பதமே போய்விடும்.

பழுது பார்க்க எளிது என்பதால் டோட்டோ பாணியைக் கொண்டாடிவிடவும் முடியாது. ஈய பேட்டரியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்றேனே, அது பிறகு எங்கே போகிறது? கணிசமான பங்கு நல்ல ஆலைக்குப் போவதில்லை. கொல்லைப்புற உலைகளில் உடைத்து, அமிலத்தைத் தரையில் கொட்டி, ஈயத்தை உருக்குகிறார்கள். யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கவலை தரும் அளவில் இருப்பதாக மதிப்பிட்டது. முறைசாரா பேட்டரி உருக்கலை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அந்த 58 பைசாவில் இந்தச் செலவு சேரவில்லை. அதைக் கட்டுவது வேறு யாரோ.

லித்தியத்தைக் கண்டவர் கண்டபடி திறக்கவும் விடக்கூடாது. 2022இல் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரத்தைக் கடுமையாக்கியது. மோட்டார் வாகன வகையில் வரும் மின் வண்டிகளின் பேட்டரி ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் உள்ளே ஈரம் புகக்கூடாது. கொல்கத்தாவுக்கு இது மிகை அல்ல. 2025 செப்டம்பர் 22, 23 தேதிகளில் அந்த நகரில் ஒரு நாளுக்குள் 250 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தேங்கிய தண்ணீரில் மின்சாரம் தாக்கி உயிர்கள் போயின. ஆனால் தண்ணீர் புகாமல் அடைக்கப் பசை ஊற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. ரப்பர் வளையமும் திருகாணியும் வைத்த மூடியும் அதே வேலையைச் செய்யும். கொஞ்சம் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஐரோப்பிய ஒன்றியம் செய்திருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. 2023இன் பேட்டரி விதிமுறை 2027 பிப்ரவரி 18 முதல் ஒரு நிபந்தனை வைக்கிறது: மின் சைக்கிள் போன்ற இலகு வாகனங்களின் பேட்டரியை மட்டுமல்ல, அதன் உள்ளிருக்கும் தனிச் செல்லையும், கம்பெனியைச் சாராத தொழில்முறைப் பழுது பார்ப்பவர் எளிதாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். மென்பொருளை வைத்து அதைத் தடுக்கக்கூடாது. அந்த மாடலின் கடைசி வண்டி விற்ற பிறகும் ஐந்து ஆண்டு மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும். ‘யார் வேண்டுமானாலும்’ என்று சொல்லவில்லை, ‘தொழில் தெரிந்த வெளியாள்’ என்கிறது. பாதுகாப்பும் பழுதும் அந்த ஒரு சொற்றொடரில் சமாதானமாகின்றன.

நம் ஊரில் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளம் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் உண்டு. விவரம் கிடைக்கும், கட்டாயம் இல்லை. வரியோ எதிர்த்திசையில் இழுக்கிறது. பேட்டரியோடு புதிய மின் வண்டி வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு லித்தியம் பேட்டரி மட்டும் வாங்கினால் 18 சதவீதம். பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்று வரி விகிதமே சொல்கிறது. செல் மாற்றத் தெரிந்தவரை உருவாக்க ஐ.டி.ஐ.களில் ஆறு மாதப் பயிற்சி போதும் என்று நினைக்கிறேன். வரியைத் திருத்த ஒரு கவுன்சில் கூட்டம் போதும்.

சென்னையோ கோவையோ நியூ டவுனோ, கடைக்கும் குடியிருப்புச் சங்கத்துக்கும் மின் சரக்கு சைக்கிள் வாங்க யோசிப்பவர்கள் விற்பனையாளரிடம் மைலேஜ் கேட்பதை நிறுத்துங்கள். பேட்டரி மூடியை உங்கள் கண்முன் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வேறு கம்பெனி கன்ட்ரோலரை மாட்டினால் மோட்டார் சுற்றுமா என்று கேளுங்கள். ஒரு செல் மாற்ற எவ்வளவு, யார் செய்வார், எத்தனை நாள் என்பதை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் தயங்கினால், அந்த வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.